அடுத்த வருடம் எப்படி இருக்கும்?

மார்ச் 3

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே நலம். பாப்பா ஹாஸ்டலில் இருந்து ஞாயிறுதோறும் பேசுகிறாள். உங்களிடமும் பேசுகிறாளாம், சந்தோஷம். நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வேலை அதிகம் போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இந்த வாரம் என் தலையில் ஒரு வேலை விழுந்தது. வியாபாரிகள் சங்கத்தில் ஒரு படிவம் அச்சடித்து, கடை கடையாகப் போய் நிரப்பி வாங்கச் சொல்லிவிட்டார்கள். மூன்றே கேள்விதான். போன வருடம் வியாபாரம் எப்படி? உங்களுக்கு என்ன கஷ்டம்? அடுத்த வருடம் எப்படி இருக்கும்?

பெயிண்ட் கடைக்காரர், "சூப்பரா போகுதும்மா, எழுதிக்கோ!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். அவருக்குப் பின்னால் நின்ற மனைவி என்னைப் பார்த்து 'இல்லை' என்று தலையாட்டினார். நான் எதை எழுத? தையல்காரர் கஷ்டம் என்ற இடத்தில் 'முழங்கால்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பேக்கரி அம்மா, "மத்தவங்க என்ன எழுதியிருக்காங்க, காட்டேன்" என்று எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு 'நன்றாக இருக்கும்' என்பதில் டிக் போட்டார்.

நம் மூக்குக் கண்ணாடிக் கடைப் படிவம் மட்டும் காலியாக இருக்கிறது. லென்ஸ் தேய்க்கும் மெஷின் ஓடினால் மேஜையே ஆடுகிறது. புதிது வாங்கலாம் என்று இருக்கிறேன். கட்டட உரிமையாளரும் ஐந்து வருடத்துக்கு ஒப்பந்தம் போடலாமா என்று கேட்கிறார். என்ன செய்யலாம், சொல்லுங்கள். நான்கு வருடமாக வேறு ஊரில் இருந்தாலும் இந்தக் கடையை உங்கள் அளவுக்கு அறிந்தவர் யார்?

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


மார்ச் 11

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் விஷயத்தைப் படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்ததில், இங்கே என்னோடு வேலை செய்கிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

படிவத்தில் 'போன வருடம் போலவே' என்று எழுதிவிடு. மெஷின் இப்போதைக்கு வேண்டாம். ஒப்பந்தமும் ஐந்து வருடம் வேண்டாம், ஒரு வருடம் போதும். ஏன் என்று கேட்காதே. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். வெயிலில் அலையாதே, உனக்குத் தலைவலி சீக்கிரம் வந்துவிடும்.

அன்புடன்,
பாப்பாவின் அப்பா


மார்ச் 19

பாப்பாவின் அப்பாவுக்கு,

ஏன் என்று கேட்கிறேன்.

மெஷின் வாங்கு, போர்டை மாற்று, ஏசி போடு என்று வருடக்கணக்காக நச்சரித்தவர் நீங்கள். நான் முடியாது என்றதற்கு, ஒரு பக்க லென்ஸ் மட்டும் மாட்டிய கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் முன்னாலேயே, "அப்ப நீயே இந்தக் கடையோட குடும்பம் நடத்து!" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினீர்கள். அந்தப் பெரிய கண்ணாடிக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தீர்கள். இன்றைக்கு நீங்களே மெஷின் வேண்டாம் என்றால் எனக்குச் சந்தேகம் வராதா?

சங்கக் கூட்டத்தில் கணக்கெடுப்பின் முடிவை வாசித்தார்கள். முப்பத்தொரு கடையில் இருபத்திரண்டு கடைக்கு அடுத்த வருடம் நன்றாக இருக்குமாம். எல்லாரும் கைதட்டினோம். வெளியே வந்ததும் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை.

பதிலை நேராகச் சொல்லுங்கள்.

பாப்பாவின் அம்மா


மார்ச் 27

பாப்பாவின் அம்மாவுக்கு,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

தெருமுனையில் பழைய வங்கி இருந்த கட்டடத்தை எங்கள் கம்பெனி எடுத்துவிட்டது. ஜூன் மாதம் கடை திறக்கிறார்கள். நான்தான் மேனேஜர்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அந்தத் தெருவைப் பற்றி விசாரித்து அறிக்கை கொடு என்று என்னிடம்தான் கேட்டார்கள். ஜனம் எப்படி, என்னென்ன கடை, எதிர்காலம் எப்படி என்று எல்லாம் எழுதிக் கொடுத்தேன். 'ஒரு சிறிய கண்ணாடிக் கடை இருக்கிறது. போட்டி என்று சொல்ல முடியாது' என்றும் எழுதினேன். நான் எழுதாவிட்டால் அவர்கள் வேறு தெருவுக்குப் போயிருப்பார்கள்.

ஊருக்குத் திரும்ப எனக்கு வேறு வழி தெரியவில்லை. வெறுங்கையோடு உன் முன்னால் வந்து நிற்கக் கூச்சமாக இருந்தது. நீயும் எங்கள் கடைக்கே வந்துவிடு. முகத்துக்கு ஃபிரேம் பொருத்துவதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. நான் பேசிவிட்டேன், சேர்த்துக்கொள்வார்கள்.

திட்டுவதானால் திட்டு. பதில் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

பாப்பாவின் அப்பா


ஏப்ரல் 14

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று கடையைப் பாதியில் பூட்டிவிட்டு மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டேன். இந்தக் கடை தொடங்கிய பிறகு அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் சங்கத்தில் விஷயத்தைச் சொன்னேன். யார் மேனேஜர் என்பதையும் சேர்த்தே சொன்னேன். நாளைக்கு அவர்களாகத் தெரிந்துகொள்வதைவிட அது மேல். பிறகு புதிதாக முப்பத்தொரு படிவம் எடுத்துக்கொண்டு மறுபடியும் கடை கடையாகப் போனேன். பெயிண்ட் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "பொய் சொல்லிட்டேன்மா. போன வருஷம் பாதி நாள் டப்பாவத் தொடச்சுத் தொடச்சு வெச்சதுதான் வேலை" என்றார். பேக்கரி அம்மா இந்த முறை யாருடையதையும் பார்க்காமல் எழுதினார். 'நன்றாக இருக்கும்' என்றவர்கள் ஒன்பது பேர்தான். கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை. ஆனால் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

நம் படிவத்தையும் நிரப்பிவிட்டேன். போன வருடம்: சுமார். கஷ்டம் என்ற இடத்தில் 'என் வீட்டுக்காரர்' என்று எழுதி, அடித்துவிட்டு, 'தெருமுனையில் பெரிய கடை' என்று எழுதினேன். அடுத்த வருடம்: தெரியாது, ஆனால் கடை இருக்கும்.

மெஷினுக்குச் சொல்லிவிட்டேன். ஒப்பந்தம் இரண்டு வருடம். நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே போய்க் கண்ணாடி சரிசெய்து கொடுக்கிறேன். செவ்வாய்க்கிழமை ஒரே நாளில் ஏழு வீடு. ஒரு பாட்டியின் லென்ஸ் ஆறு வருடமாக இடது வலது மாறி மாட்டியிருந்தது. சரிசெய்து போட்டதும், "ஏண்டி, நீ இவ்ளோ சின்னப் பொண்ணா?" என்றார்.

உங்கள் கடைக்கு நான் வேலைக்கு வர மாட்டேன். 'போட்டி என்று சொல்ல முடியாது' என்று எழுதினீர்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை. கம்பெனியைக் கொண்டுவந்ததைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடுவேன்.

ஜூனில் வாருங்கள், கடையைத் திறங்கள். நானும் திறந்து வைத்திருப்பேன். இரண்டு கடையும் இரவு எட்டு மணிக்குத்தான் மூடப்போகிறது. பூட்டிய பிறகு நீங்கள் எந்தப் பக்கம் நடக்கிறீர்கள் என்பது என் வாசலில் நின்றாலே தெரியும்.

பாப்பாவின் அம்மா