பேப்பரில் வராத செய்தி

மார்ச் 4

அன்புள்ள குட்டிக்கு,

அப்பாவும் நானும் நலம். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நாம் முட்டிக்கொள்கிறோம். எழுதினால் குறுக்கே பேச ஆளில்லை.

எங்கள் பால் நிறுவனத்தின் மக்கள் தொடர்பு வேலையில் பாதி உங்கள் ஏஜென்சிக்குப் போன விஷயம், கூட்டத்தில் எம்.டி. சொல்லித்தான் எனக்குத் தெரியும். "உங்க பொண்ணு சொல்லலையா மேடம்?" என்றார். "சர்ப்ரைஸா வெச்சிருப்பா சார்" என்று சமாளித்தேன். சமாளிப்பதற்குத்தானே சம்பளம்.

ஏஜென்சி அனுப்பிய இரண்டு பெண்கள் என் அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். ஊர் நம்மைப் பற்றி என்ன பேசுகிறது என்று நாள் முழுக்கத் திரையில் பார்க்கிறார்கள். நேற்று ஒருத்தியிடம், "ஏம்மா, அந்த நிருபருக்கு ஒரு போன் போட்டுடேன்" என்றேன். "மெசேஜ் போட்டாச்சு மேடம். நீல டிக்கும் வந்துடுச்சு" என்றாள். வருகைப் பதிவேட்டில் டிக் வாங்கியவர்கள் எல்லோருமா பாடம் கேட்டார்கள்?

நான் வேலை கற்ற காலத்தில், பேப்பரில் வந்ததை யார் வேண்டுமானாலும் வெட்டி ஒட்டலாம், வராமல் போனதுதான் நம் உழைப்பு என்பார்கள். நீ ஆறாவது படித்தபோது ஒரு கோடையில் ஒரு லாரி பால் கெட்டுக் கடைகளுக்குப் போய்விட்டது. ஒரு வரி வந்ததா? அதுதான் என் வேலை.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அம்மா


மார்ச் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

உன்னிடம் சொல்லாதது என் தப்புதான். கையெழுத்தாகும்வரை வீட்டில்கூட மூச்சு விடக் கூடாது என்பது எங்கள் விதி. உன் நிறுவனத்தை வேறு குழுதான் பார்க்கிறது, நான் இல்லை.

அந்தக் கோடை எனக்கு நினைவிருக்கிறது. அந்த வாரம் நம் வீட்டில் பால் வாங்கவில்லை. பக்கத்து வீட்டில் வாங்கினார்கள்.

சண்டைக்காகச் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அன்றைக்கு ஒரு தட்டாவது இருந்தது. இன்று தட்டே கண்ணாடி. ஆளுக்கொரு கேமரா வைத்திருக்கிறார்கள். ஏதாவது நடந்தால் நாமே முதலில் சொல்லிவிடுவதுதான் நல்லது. அந்தப் பெண்கள் பேச்சைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள். உன் மகள் சொன்னதாக நினைக்காமல் கேள், அப்போதுதான் கேட்பாய்.

அப்பாவுக்கு என் அன்பு.

குட்டி


ஏப்ரல் 3

அன்புள்ள குட்டிக்கு,

நீ பார்த்திருப்பாய். இருந்தாலும் நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை காலை குளிர்க்கிடங்கில் அம்மோனியா கசிந்தது. சுமை தூக்கும் தொழிலாளர்கள் இரண்டு பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எம்.டி. என் அறைக்கே வந்து, "எதுவும் வெளியே போகக் கூடாது மேடம். நீங்கதான் பார்த்துக்கணும்" என்றார். ஜன்னலோரப் பெண்களில் பெரியவள், "இப்பவே நாமளே அறிக்கை விட்டுடலாம் மேடம். ஆஸ்பத்திரியில தொழிலாளிங்க வீட்டு ஆளுங்க நிக்கிறாங்க" என்றாள். "உனக்கு இந்த ஊர் தெரியாதும்மா" என்றேன்.

கண்ணாடிக்காரருக்குப் போன் செய்தேன். நம் வீட்டுக்கு வந்து உன் பரிசுக் கோப்பையை எல்லாம் பார்த்துப் பாராட்டிய அதே செய்தி ஆசிரியர்தான். "ஒரு நாள் பொறுங்க. நாளைக்கு நானே முழு விவரம் தர்றேன்" என்றேன். என் பேச்சுக்காகப் பொறுத்தார்.

மதியத்துக்குள் ஒரு தொழிலாளியின் தங்கை ஆஸ்பத்திரி வராந்தாவில் எடுத்த வீடியோவை ஊரே பார்த்துவிட்டது. மறுநாள் எல்லாப் பேப்பரிலும் வந்தது, கண்ணாடிக்காரர் பேப்பரைத் தவிர. "மேடம், ஊருக்கே தெரிஞ்ச சேதி எங்க பேப்பர்ல மட்டும் இல்ல. இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க" என்றார். பிறகு எம்.டி. கூப்பிட்டார். "உங்களை யாரு எடிட்டர்கிட்ட பேசச் சொன்னது?" என்று கேட்டார்.

நான் முப்பது வருஷமாகச் செய்ததைத்தான் செய்தேன். இரண்டு நாளாக அப்பாதான் சமைக்கிறார். அதில் எனக்கு ஒரு தண்டனையும் இருக்கிறது.

உன் அம்மா


ஏப்ரல் 8

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும். நீ பணியிலிருந்து விலகுவதாக ஒரு பத்திரிகைக் குறிப்பு எழுதித் தரும்படி எம்.டி. அலுவலகம் எங்களைக் கேட்டிருக்கிறது. "அவளோட அம்மாதானே, பக்குவமா எழுதுவா" என்று வேலையை என்னிடம் தள்ளிவிட்டார்கள். மறுத்திருக்கலாம். வேறு யாராவது எழுதினால் உன்னை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். 'சொந்த விருப்பத்தின் பேரில் ஓய்வு பெறுகிறார்' என்று இருக்கும். நீ ஒத்துக்கொண்டால் விசாரணை இல்லை.

நீ செய்தது சரி என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. அந்த இரண்டு பேரும் மூச்சுக்குத் திணறியபோது நீ ஒரு நாள் அவகாசம் கேட்டாய்.

ஆனால் அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

குட்டி


ஏப்ரல் 12

அன்புள்ள குட்டிக்கு,

வரைவு படித்தேன். என்னைவிட நன்றாக எழுதுகிறாய். அப்பாதான், "நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுல இருக்கிறது யாரு?" என்றார்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டார். இன்னொருவருக்குப் பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. வீடியோ எடுத்த தங்கை பக்கத்தில் இருந்தாள். "பேப்பர்ல வராம நிறுத்தச் சொன்னது நீங்கதானா மேடம்?" என்று கேட்டாள். குரல்கூட உயர்த்தவில்லை. நான் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொன்னவள். இதற்கு "ஆமா" என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டு அண்ணனுக்குத் தலையணையைச் சரிசெய்யப் போய்விட்டாள்.

அதனால் 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்பதை அடித்திருக்கிறேன். 'நிறுவனம் கேட்டுக்கொண்டபடி விபத்துச் செய்தியை ஒரு நாள் நிறுத்திவைக்க முயன்றதற்குப் பொறுப்பேற்று விலகுகிறார்' என்று போடு. விசாரணை வந்தால் வரட்டும். நாமே முதலில் சொல்லிவிட வேண்டும் என்றாயே, சொல்லிவிடுவோம்.

உன் அம்மா


ஏப்ரல் 18

அன்புள்ள அம்மாவுக்கு,

குறிப்பு நேற்று வெளியானது. பார்த்திருப்பாய். உன் திருத்தம் அதில் இல்லை. எம்.டி. அலுவலகம் நீக்கியதாக நினைத்துக்கொள்ளாதே. அவர்கள் பார்வைக்கே அது போகவில்லை. நான்தான் எடுத்தேன்.

உன் காலத்தில் பேப்பர் மறுநாள் பழசாகிவிடும். இப்போது எதுவும் பழசாவதில்லை. பத்து வருஷம் கழித்து யார் உன் பெயரைத் தேடினாலும் அந்த வரிதான் முதலில் நிற்கும். உன் முப்பது வருஷமும் அதற்குப் பின்னால் மறைந்துவிடும். அதைச் செய்ய எனக்குக் கை வரவில்லை. ஒப்பந்தம் போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. இல்லை என்றால் பொய்.

திட்டு. ஆனால் எழுது.

குட்டி


ஏப்ரல் 22

அன்புள்ள குட்டிக்கு,

திட்ட மாட்டேன். உன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நேற்று கண்ணாடிக்காரரின் அலுவலகத்துக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாம் சொன்னேன். எம்.டி. சொன்னது, நான் செய்தது, அந்தக் கோடையில் கெட்டுப்போன பால் உட்பட. என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். பாதியில் நாற்காலியை நகர்த்திப் போட்டார். நீ எடுத்த வரியைப் பற்றிச் சொல்லவில்லை. அது வீட்டு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரும். இந்தக் கடிதத்தைக் கூரியரில் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை உனக்குக் கிடைத்துவிடும். இது வரப்போவதை உன் மேலாளரிடம் நீயே முதலில் சொல்லிவிடு. பேப்பரைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

இடையில் இரண்டு நாள் இருக்கிறது. கண்ணாடிக்காரரின் நம்பர் உனக்குத் தெரியும். என் மகள் போன் செய்து ஒரு நாள் பொறுக்கச் சொன்னால் அவர் யோசிக்கவாவது செய்வார். அது தெரிந்தேதான் உனக்கு முன்கூட்டி எழுதுகிறேன்.

உன் அம்மா