விருந்தாளிக் குதிரைகள்

பிப்ரவரி 9, ஞாயிறு

நம் ஊர் ஜெயித்தது. கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது, வெந்நீர் குடித்துக்கொண்டே எழுதுகிறேன். கோக்-போரு ஆட்டத்தில் குதிரைகள் மோத, தலையில்லாத ஆட்டின் உடலுக்காகக் குதிரைமேல் இருந்தபடியே ஆட்கள் இழுபறி செய்ய — எனக்கு அந்தச் சத்தம் இருந்தால் போதும், சாப்பாடே வேண்டாம்.

ஆட்டம் முடிந்து, மைதானத்தை ஒட்டிய பூங்காவுக்குள் வந்தேன். அது என் பொறுப்பு. சந்தோஷம் அங்கேயே இறங்கிவிட்டது. பார்க்க வந்தவர்கள் வழக்கம்போல என் பிர்ச் மரக் கன்றுகளில் குதிரைகளைக் கட்டியிருக்கிறார்கள். பட்டை எல்லாம் கடிபட்டு உள்மரம் தெரிகிறது. தரையெங்கும் கொறித்துத் துப்பிய சூரியகாந்தி விதைத் தோல். சாணியைப் பற்றி மட்டும் புகார் இல்லை, அது உரம்.

பிப்ரவரி 10

நகராட்சியிலிருந்து மார்லென் வந்தார். அடுத்த மாதம் நூருஸ் புத்தாண்டுப் பண்டிகை ஆட்டம் வரை பொறுப்பாராம். அன்றும் மரம் கடிபட்டால் சுற்றிலும் இரும்பு வேலி, ஆட்ட நாளில் பூட்டு. குரலை உயர்த்தாமல் சொன்னார், அதுதான் எனக்குக் கோபம்.

பூட்டிய பூங்கா எதற்கு? வாரம் முழுக்க அங்கே ஒரு நாயும் நானும்தான். ஆட்ட நாளில்தான் அதற்கு உயிர் வருகிறது. எனக்குக் கன்றும் வேண்டும், கூட்டமும் வேண்டும். பேராசைதான், இருக்கட்டும்.

பிப்ரவரி 11

களிமண்ணும் சாணியும் குழைத்துக் கன்றுகளின் காயத்தில் பூசி, பழைய போர்வையைக் கிழித்துக் கட்டினோம். "ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்குக்கா" என்றாள், கூட வேலை பார்க்கும் சைரா.

பிப்ரவரி 23

'குதிரை கட்டாதீர்' என்று பலகைகள் நட்டிருந்தோம். ஒருவன் அந்தப் பலகைக் கம்பத்திலேயே குதிரையைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். திட்டத்தான் போனேன், சிரிப்பு முந்திக்கொண்டது.

மார்ச் 2

பூங்கா ஓரத்து ஓடைக்கு அந்தப் பக்கம் கம்பங்கள் நட்டு நீளமாகக் கயிறு கட்டினோம், கல்யாண வீட்டில் குதிரைகளுக்குக் கட்டுவது போல. வைக்கோலும் போட்டோம். ஒரு குதிரைகூட அங்கே போகவில்லை.

சாகின்பெக் அண்ணன் — ஒரு காலத்தில் நம் அணியின் புலி, இப்போது வாயால் மட்டும் ஆடுகிறார் — நேராக வந்து தன் சாம்பல் குதிரையைப் பிர்ச்சில் கட்டினார். அவர் கட்டும் இடத்தில்தான் மற்றவர்களும் கட்டுவார்கள். எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

"நாப்பது வருஷமா குதிரை ஏறுறேன். எங்க கட்டணும்னு நீ சொல்லித் தர்றியா தங்கச்சி?"

"உங்க குதிரை தின்னது என் மரத்த, அண்ணே."

"அப்ப மரத்த உள்ள வச்சுப் பூட்டு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். சீ, இதற்கெல்லாமா.

மார்ச் 3

பூட்டத்தான்யா போறாங்க! அது தெரியாம பேசுறாரு பெரிய மனுஷன்.

மார்ச் 16

கணவரின் தம்பி வந்தார். குளம்புச் சத்தம் கேட்டதும் மாவுக் கையோடு ஓடி, கடிவாளத்தை வாங்கி, இறங்கச் சொல்லி, குதிரையைக் கொண்டுபோய்க் கட்டினேன். எங்கே கட்டுகிறேன் என்று அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யார்தான் பார்ப்பார்கள்? கடிவாளத்தை வாங்கிவிட்டால் வந்தவர் விருந்தாளி, குதிரை வீட்டுக்காரர் பாடு.

அப்படியே நின்றுவிட்டேன். அடிப்பாவி — பலகை நட்டாயே, கத்தினாயே, ஒருவரையாவது "வாங்க" என்றாயா?

மார்ச் 21, நூருஸ்

பண்டிகைத் துணி உடுத்தி, சைராவும் நானும் பூங்கா வாசலில் நின்றோம். முதலில் வந்தவரே சாகின்பெக் அண்ணன், பின்னால் அவர் பட்டாளம். முன்னே போய்க் கடிவாளத்தைப் பிடித்தேன்.

"வாங்க அண்ணே, இறங்குங்க."

அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! சண்டைக்குத் தயாராக வந்த மனிதர். பண்டிகை நாளில், வாங்க என்று கடிவாளம் பிடித்தவளிடமிருந்து அதை எப்படிப் பிடுங்குவது? இறங்கினார். சாம்பல் குதிரை கயிற்றுக்குப் போனது. பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

ஆனால் அண்ணன் இடத்தை விட்டு நகரவில்லை.

"குதிரைய வாங்கிட்ட. டீ எங்க?"

ஐயோ. கடிவாளம் வாங்கியவள் உபசரிக்கவும் வேண்டுமே. அத்தனை பேருக்குமா? கையில் இருந்தது சைராவின் மதியச் சாப்பாட்டு ரொட்டி. அதை நீட்டினேன். நீட்டிய ரொட்டியைத் தொடாமல் எங்களில் யாரும் போகமாட்டார்கள். அண்ணன் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டார், பின்னால் வந்தவர்களும் கிள்ளினார்கள். சைரா எதிர் வீடுகளுக்கு ஓடி ஓடி ரொட்டி வாங்கி வந்தாள். பாதி ஆட்டம் போய்விட்டது, எனக்கு வருத்தமே இல்லை.

இன்னொன்று. ரொட்டி தின்ற இடத்தில் துப்பக் கூச்சமோ என்னவோ, பலபேர் விதைத் தோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள். கண்ணால் பார்த்தேன்.

மார்ச் 24

மார்லென் ஒவ்வொரு கன்றாகக் குனிந்து பார்த்தார். புதுக் கடி இல்லை. வேலி வேண்டாமாம். போகும்போது அவரும் ரொட்டி கிள்ளினார். கதவைச் சாத்திக்கொண்டு சைராவும் நானும் ஆட்டம் போட்டோம்.

ஏப்ரல் 27

பருவத்தின் கடைசி ஆட்டம். தங்கை வீட்டிலிருந்து அவர்கள் குதிரையிலேயே வந்தேன், தாமதமாகிவிட்டது. வாசலில் யார் நிற்பார்கள் என்று வழியெல்லாம் பயம். கட்டுப் போட்ட பிர்ச்சுகள் தூரத்திலேயே பச்சையாகத் தெரிந்தன. வாசலில் சாகின்பெக் அண்ணன், கக்கத்தில் ரொட்டியோடு. யாரென்றுகூடப் பார்க்காமல் என் கடிவாளத்தைப் பிடித்தார்.

"வாங்க, இறங்குங்க. மரத்துல கிரத்துல கட்டிடாதீங்க."

"அண்ணே, இது என் பூங்கா."

நிமிர்ந்து பார்த்தார். கடிவாளத்தை விடவில்லை.

"இருக்கட்டும். ரொட்டியக் கிள்ளு."

கிள்ளிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினேன். குதிரையை எங்கே கட்டினார் என்று திரும்பிப் பார்க்கவில்லை.