சரியாகச் சொன்ன அளவு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். நீயும் நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறாய். அதை மட்டும் நான் இன்னும் நம்பவில்லை.

கோபப்படாதே. சந்தேகம் என் தொழிலோடு ஒட்டிக்கொண்ட வியாதி. தையல் கடைக்கு வந்து தன் இடுப்பளவை உண்மையாகச் சொன்ன ஆளை நான் பார்த்ததே இல்லை. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு அளவு சொல்வார்கள். நானும் தலையாட்டிவிட்டு, இரண்டு இஞ்ச் கூட்டி வெட்டுவேன். “கரெக்டா இருக்கு மாஸ்டர்” என்று சந்தோஷமாகப் போவார்கள். ஆபீசுக்குப் போட பேன்ட் வேண்டுமென்று நீ அளவு அனுப்பியபோதும் அதே புத்திதான். கழுதை, அப்பனிடமே கதை விடுகிறாள் என்று சிரித்துக்கொண்டே உன் பழைய அளவில் தைத்து அனுப்பினேன்.

போன ஞாயிறு வீடியோவில் போட்டுக் காட்டி, “சூப்பரா இருக்குப்பா” என்றாய். கதவைச் சாத்தத் திரும்பினாயே, அப்போது பார்த்துவிட்டேன். முதுகுப் பக்கம் துணியைக் கொத்தாகப் பிடித்து, துணி காயப்போடும் கிளிப்பை மாட்டியிருந்தாய். என்னிடம் உண்மையான அளவு சொன்ன முதல் ஆள் நீதான். அந்த அளவுக்கு இளைத்திருக்கிறாய்.

அன்றிலிருந்து எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறேன். நீ பேசும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு தட்டு இருக்கிறது. பேச ஆரம்பிக்கும்போது இருந்த சாதம் முடிக்கும்போதும் அப்படியே இருக்கிறது. அதை எனக்காகத்தான் வைக்கிறாயோ?

எல்லாம் நீ போனில் வைத்திருக்கும் ஆப் செய்கிற வேலை என்று அம்மா சொன்னாள். எப்போது சாப்பிட வேண்டும், எவ்வளவு என்று அதுதான் சொல்லுமாம். நடுவில் பசித்தால் அது பசியில்லை, தாகம், தண்ணீர் குடி என்று சொல்லுமாம். சரி, திட்டுவதற்கு முன்னால் பார்த்துவிடுவோம் என்று நானும் என் போனில் போட்டுக்கொண்டேன். சிரிக்காதே. ஒரே வாரம்தான். தண்ணீராகக் குடித்து, மிஷினில் உட்கார்ந்த நேரத்தைவிட பாத்ரூமில் நின்ற நேரம் அதிகம். என் வயிறு போட்ட சத்தத்தைக் கேட்டு, கடைக்கு வந்தவர்கள் மிஷின் ரிப்பேரா என்று கேட்டார்கள். தலை கிறுகிறுத்து, ஒருவர் தைக்கக் கொடுத்த கோட்டுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டேன். உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “அந்த போனையே கேளுங்க, அவருக்கு ரெண்டுமே இடது கைதான்னு சொல்லும்” என்றாள். அன்று மத்தியானம் இரண்டு தட்டு சாப்பிட்டேன். ஆப் சிவப்பாக ஏதோ எழுதிக் காட்டியது. அழித்துவிட்டேன்.

எனக்கு வயிறு கத்தியது. நீயோ, “இப்பல்லாம் பசியே வர்றதில்லப்பா, பழகிடுச்சு” என்று பெருமையாகச் சொன்னாய். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. திரும்பத் திரும்ப போனில் கூப்பிட்டுப் பார்த்து, எடுக்க மாட்டாய் என்று தெரிந்து விட்டுவிட்ட ஆள் மாதிரி உன் உடம்பும் ஆகிவிட்டதோ என்னவோ.

இன்னொன்று. நீ அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னதை அவள் என்னிடம் பாதிதான் சொன்னாள். மீதி புரிந்தது. மாதாமாதம் வரவேண்டியது சில மாதமாக வரவில்லையாமே. அதுவும் சகஜம்தான் என்று அந்த ஆப் சொன்னதாமே. இதை ஒரு அப்பா எழுதலாமா என்று பேனாவை மூடிவைத்துவிட்டுத் தெருவில் ஒரு நடை நடந்து வந்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. அது உன் வயிற்றைப் பார்த்ததா, தொட்டதா? என்ன தெரிந்து சகஜம் என்கிறது?

ஒரு லேடி டாக்டரைப் போய்ப் பார், கண்ணு. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. தலைமுடி கொட்டுவது, மத்தியானம் கை நடுங்குவது, அம்மாவிடம் சொன்னது, எல்லாவற்றையும் சொல். குறைத்துச் சொல்லாதே. வேண்டுமென்றால் அம்மா கிளம்பி வருவாள். பெட்டியை ஏற்கெனவே இறக்கி வைத்துவிட்டாள், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள்.

இனி நான் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டேன். அதற்கு நீ பதிலைத் தயாராக வைத்திருக்கிறாய். பசிக்கிறதா என்று மட்டும் கேட்பேன். இல்லையென்றால் இல்லையென்றே சொல், நான் சத்தம் போட மாட்டேன். ஆனால் என்றைக்காவது ஒருநாள், நான் கேட்பதற்கு முன்னாலேயே நீயாகக் கூப்பிட்டு, “அப்பா, பசிக்குதுப்பா” என்று சொல்.

வயிறும் மனசும் குளிர்ந்து நன்றாக இரு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அப்பா