டர்ன் டவுன் என்றால்

மார்ச் 3, செவ்வாய்

இன்று இருபத்திரண்டு அறை டர்ன் டவுன். மேல்விரிப்பை எடுத்துவிட்டு, போர்வையின் ஒரு முனையை முக்கோணமாக மடித்து, விளக்கைக் குறைத்து, தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். வெளியே போயிருக்கிறவர் வந்தால் அப்படியே நுழைந்து படுத்துக்கொள்ளலாம். ஹோட்டலில் சேர்ந்த அன்று நான் கற்ற முதல் இங்கிலீஷ் இதுதான். ஒன்பது வருடமாகியும் அதைத் தாண்டிப் பெரிதாக எதுவும் ஏறவில்லை.

வீடு வந்தபோது மணி ஒன்பதே முக்கால். வீட்டுக்காரர் நல்ல தூக்கம். பேக்கரியில் அடுப்புப் பற்றவைக்க விடியற்காலை மூன்றுக்கே ஓடுகிறவர் எட்டுக்குப் படுக்காமல் என்ன செய்வார்? மதியம் அவர் திரும்புவதற்குள் நான் கிளம்பிவிடுவேன். ஃபிரிட்ஜ் கதவில் வழக்கமான சீட்டு: ‘சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். கதவை மெதுவா சாத்து.’ நான் குடித்தனம் நடத்துவது இந்தச் சீட்டோடுதான்.

மார்ச் 5

காலை சூப்பர்வைசர் வேலை காலியாம். ஏழிலிருந்து மூன்று வரை. துணிந்து விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். கிடைத்தால் சாயங்காலம் வீட்டில் இருப்பேன், அவரும் இருப்பார். நாற்பத்தாறு வயதில் புருஷனோடு உட்கார்ந்து சாப்பிட ஆசை என்று அதில் எழுத முடியுமா? ‘ஒன்பது வருட அனுபவம்’ என்று எழுதினேன்.

மார்ச் 12

கடிதம் வந்துவிட்டது! முழுக்க இங்கிலீஷ். மற்றதெல்லாம் கண்ணைக் கட்டியது. நடுவில் ஒரு வார்த்தை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. என் விண்ணப்பம் ‘டர்ன்டு டவுன்’.

இதற்கு அர்த்தம் எனக்கா தெரியாது? டர்ன் டவுன் பண்ணிய படுக்கை என்றால் தயாராகிவிட்டது, ஆள் வந்து நுழைய வேண்டியதுதான் பாக்கி. விண்ணப்பத்துக்கும் அப்படித்தானே? ஃபிரிட்ஜில் நானும் ஒரு சீட்டு ஒட்டினேன்: ‘வேலை கிடைச்சாச்சு.’

மார்ச் 13

அவர் சீட்டு: ‘பேக்கரி முழுக்கச் சொல்லிட்டேன்.’ உள்ளே ஒரு கேக். மேலே க்ரீமில் ‘சூப்பவைசர்’. ஓர் எழுத்தை முழுங்கிவிட்டார். இருக்கட்டும்.

மார்ச் 15, ஞாயிறு

மாதத்தில் ஒரு ஞாயிறு எனக்கு லீவு. நாத்தனார் வந்தாள். அவளுக்கு நான் வைத்த பெயர் அகராதி. டியூஷனில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள், வாயும் அகராதி பிடித்த வாய். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயர். கேக்கைத் தின்றுகொண்டே கடிதத்தை வாங்கிப் படித்தவள், மெல்லுவதை நிறுத்தினாள்.

“அண்ணி, இது உங்களை வேணாம்னு சொல்ற லெட்டர்.”

அந்தக் கடிதத்தின் முதுகிலேயே எழுதிக் காட்டினாள். டிவியை டர்ன் டவுன் பண்ணு என்றால் சத்தத்தைக் குறை. அடுப்பை என்றால் தீயைக் குறை. பெண் கேட்டு வந்தார்கள், அவள் டர்ன் டவுன் பண்ணிவிட்டாள் என்றால் முடியாது என்றுவிட்டாள். படுக்கையை என்றால் மட்டும்தான் என் வேலை.

அடப்பாவிகளா, ஒரே வார்த்தைக்கு எத்தனை வேஷம்டா! எனக்கு இருந்ததே அந்த ஒரு இங்கிலீஷ்தானே, அதுவுமா காலை வாரும்? ஊர் முழுக்கச் சொன்ன மனுஷன் முகத்தில் இனி எப்படி முழிப்பேன்? மானம் போச்சு.

அவர் “கேக் நல்லாத்தானே இருக்கு” என்று இன்னொரு துண்டு வெட்டி என் தட்டில் வைத்தார். அப்போதுதான் அழுதேன்.

மார்ச் 16

இருபது அறை. முனையை மடிக்கும்போதெல்லாம் சுருக்கென்கிறது.

ஏப்ரல் 20

புதிதாக வந்த காலை சூப்பர்வைசர் ஒரு மாதத்தில் ஓடிவிட்டாள். மாலை சூப்பர்வைசரைக் காலைக்கு மாற்றிவிட்டு என்னை மாலைக்குப் போடுகிறார்களாம். மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். பதவி வரும், கோட்டு வரும். வீட்டுக்கு வருவது மட்டும் இனி பத்தரைக்கு.

“நோ சார். ஐ டர்ன் டவுன்” என்றேன்.

“குட், குட். நாலாவது மாடிலேருந்து ஆரம்பிங்க” என்றார். படுக்கை மடிக்கப் போகிறேன் என்று நினைத்துவிட்டார் புண்ணியவான்! கதவு வரை போய்விட்டேன். திரும்பினேன்.

“பெட் இல்ல சார். இந்த வேலையைத்தான் டர்ன் டவுன் பண்றேன். காலை வேலைன்னா குடுங்க.”

காலையில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டார்.

“காலைல ஒண்ணுமில்ல சார். சாயங்காலம் வீட்ல ஒருத்தர் இருக்கார்.”

பார்க்கலாம் என்றார். இது எந்தப் பார்க்கலாமோ.

ஏப்ரல் 22

பதில் இல்லை. வாயைக் கொடுத்து இருப்பதையும் கெடுத்துக்கொண்டேனா?

ஏப்ரல் 25

மாலைக்காரருக்கும் மாற இஷ்டமில்லையாம். காலை எனக்கே. கடிதத்தை அகராதியிடம் காட்டி, இரண்டு முறை படிக்கச் சொல்லி, அதன் பிறகுதான் அவரிடம் சொன்னேன்.

மே 5, செவ்வாய்

ஏழு மணிக்குச் சேர்ந்து சாப்பிட்டோம். உப்பு சரியா என்று அவர் கேட்டார். சற்று நேரம் கழித்து நானும் அதையே கேட்டேன். எட்டுக்குப் படுக்கப் போய்விட்டார்.

பாத்திரம் கழுவிவிட்டுத் திரும்பினால் ஃபிரிட்ஜில் புதுச் சீட்டு. ‘சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். கதவை மெதுவா சாத்து.’ கைப்பழக்கம்! எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவளுக்குச் சீட்டு எழுதியிருக்கிறார்.

படுக்கையறைக் கதவை மெதுவாகத்தான் சாத்தினேன், உள்ளே இருந்து.