எங்கள் வீட்டில் இல்லாத ஏணி

அக். 4, சனி

காலையிலிருந்து மழை. இன்றைக்கு ஓவர்டைம் இல்லை. யூனிஃபார்ம் இரண்டும் காயவில்லை. நாற்காலி முதுகில் போட்டு மின்விசிறியைத் திருப்பி வைத்திருக்கிறேன்.

செய்ய வேண்டியவை: உளுந்து. குமாரின் சட்டைக்குப் பொத்தான். மூன்றாவது வீடியோ.

இந்த அஃபிலியேட் வேலை தொடங்கி நாலு வாரம். கடை வேண்டாம், சரக்கு வேண்டாம். ஆப்பில் யாரோ விற்கும் சாமானைக் காட்டி வீடியோ போட வேண்டியது, என் லிங்க்கைத் தட்டி யாராவது வாங்கினால் எனக்குக் கமிஷன். இதுவரை போட்டவை: பாட்டில் பிரஷ், அஞ்சறைப் பெட்டி. பார்த்தவர்கள் 41. அதில் பாதி நானே.

சிரிப்பாக இருக்கிறது, ஆனால் ஆசையும் இருக்கிறது. செரண்டாவில் இருக்கும் ஃபேக்டரியில் பதினாலு வருஷம் நின்றுகொண்டே பெட்டி ஒட்டியாயிற்று. சனிக்கிழமை ஓவர்டைமையாவது விட முடிந்தால் போதும்.

இலவச வகுப்பு வீடியோவில் ஓர் ஆள் சொல்கிறார்: சாமான் கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கம்பெனிப் படத்தை எடுத்து உங்கள் குரலைப் போடுங்கள். "நான் பயன்படுத்துகிறேன்" என்று சொன்னால்தான் வாங்குவார்களாம்.

தீபாவளிக்கு வீட்டுக்கு வீடு புதுத் திரைச்சீலை மாட்டுவார்களே என்று யோசித்து ஏணியைத் தேர்ந்தெடுத்தேன். நாலு படி, மடக்கும் ஏணி. மதியம் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுக் குரல் பதிவு. "இது எங்க வீட்ல மூணு மாசமா இருக்கு. எங்க வீட்டுக்காரரு ஏறுனாக்கூட ஆடாது."

ஹாலிலிருந்து குமார்: "நான் எந்த ஏணில ஏறுனேன்?"

"சும்மா இருங்கலா. ரெக்கார்டிங் போவுது."

மறுபடி முதலிலிருந்து. வீடியோவை ஏற்றியாகிவிட்டது.

அக். 7, செவ்வாய்

ஏணி வீடியோ 612 பேர்! இரண்டு ஆர்டர்!! யார் வாங்கினார்கள் என்று பெயர் காட்டாது. இரண்டு என்று மட்டும் காட்டுகிறது.

ஃபேக்டரி கழிப்பறையில் நின்று ஐந்து தடவை திறந்து பார்த்தேன். டீ நேரத்தில் பக்கத்து மேசை பாத்திமாவுக்கு உருளைக்கிழங்கு வைத்த கரிபாப் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டாள். சும்மா என்றேன்.

குதிகால் வலி இன்றைக்குத் தெரியவே இல்லை.

அக். 8, புதன்

சரோஜா அண்ணியிடமிருந்து குரல் செய்தி. குமாரின் அக்கா, கோலசிலாங்கூர் பக்கம் எஸ்டேட்டில் இருக்கிறார். கேட்டதை அப்படியே எழுதி வைக்கிறேன்:

"லோகா, நீ காட்டுன ஏணிய ஆர்டர் போட்டுட்டேன்லா. பக்கத்து வீட்டுப் பொண்ணுதான் அமுக்கிக் குடுத்துச்சி. வேற யாரு சொல்லியிருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். நீ மூணு மாசமா வச்சிருக்கேன்னு சொன்ன, அப்புறம் என்ன. இந்த வருஷம் கர்ட்டன நானே மாட்டுறேன் பாரு."

இரண்டில் ஒன்று அண்ணியுடையது.

மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் பைக்குள் போட விடாதவர் அண்ணி. போன தீபாவளிக்கு மேசை மேல் நாற்காலி போட்டு ஏறித் திரைச்சீலை மாட்டும்போது விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். இன்றும் அந்தக் கையால் குழாயைத் திருக முடியாது. அவர்தான் என் பேச்சைக் கேட்டு ஏணி வாங்கியிருக்கிறார்.

இன்றைக்குத்தான் அந்த ஏணிக்கு மற்றவர்கள் எழுதியதை முழுக்கப் படித்தேன். படித்துவிட்டு அல்லவா வீடியோ போட்டிருக்க வேண்டும்! நிறையப் பேர் ஐந்து நட்சத்திரம். இருவர் ஒரே நட்சத்திரம். ஒருவர் படம் போட்டிருக்கிறார்: படியைப் பூட்டும் கொக்கி மாட்டவில்லை, காலை வைத்ததும் மடங்கிவிட்டது.



அக். 9, வியாழன்

வெயில். துணியெல்லாம் காய்ந்தது. நான்தான் காயவில்லை, உள்ளங்கை முழுக்க வியர்வை.

விற்பவருக்கு எழுதினேன். நன்றி, நல்ல நாளாக அமையட்டும் என்று தானாக ஒரு பதில்.

அண்ணியைக் கூப்பிட்டேன். உண்மையைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். வாயில் வந்தது வேறு. "அண்ணி, ஞாயித்துக்கிழம நான் வந்து கர்ட்டன் மாட்டித் தரேன். நீங்க ஏறாதீங்க."

"நீ எதுக்கு அம்புட்டுத் தூரம் வர்ற? அதான் ஏணி வருதே."

குமாரிடம் சொன்னேன். லோரி சாவியைத் தேடிக்கொண்டே கேட்டார்.

"சொல்லிடு."

"சொன்னா?"

"திட்டும். ரெண்டு நாளைக்கிப் பேசாது. கையி உடைஞ்சா ஆறு மாசம்."

சரிதான். ஆனாலும் போனை எடுத்தால் விரல் போகமாட்டேன் என்கிறது. அண்ணி திட்டுவார் என்று பயமில்லை. இனிமேல் நான் சொல்வதை நம்பமாட்டார் என்றுதான் பயம். இந்தக் குடும்பத்துக்கு வந்த நாளிலிருந்து அந்த ஒன்றுதான் எனக்குப் பெருமை.

அக். 10, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோகும்.

10.20. பாத்திமாவின் போனில் (என்னுடையது லாக்கரில்) என் கணக்கைத் திறந்து பார்த்தேன். இரண்டு ஏணியும் "பட்டுவாடா ஆயிற்று".

அண்ணியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மூன்று தடவை. வெள்ளிக்கிழமை, எஸ்டேட் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை வேலை அவருக்குச் சீக்கிரம் முடிந்துவிடும். வீட்டில் இருப்பார், ஏணியும் இருக்கும், திரைச்சீலையும் இருக்கும்.

சூப்பர்வைசரிடம் அரை நாள் லீவு கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காரணம் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

காரை எடுத்துக்கொண்டு பத்தாங் பெர்ஜுந்தை ஊர் வழி. எண்ணெய் எடுக்கும் செம்பனைக்குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால், முந்த வழியில்லை. காருக்குள் வாய்விட்டு வேண்டிக்கொண்டே போனேன். மாரியாத்தா, அந்த மனுஷி ஏறக்கூடாது.

வீட்டு முன் போய் நிற்கிறேன், முன் ஜன்னலில் புதுத் திரைச்சீலை! மயில் நீலம். மாட்டியாகிவிட்டது. கார்க் கதவைக்கூடச் சாத்தாமல் வாசலுக்கு ஓடினேன்.

உள்ளேயிருந்து அண்ணி. நின்றுகொண்டு. முழுசாக. கையில் கரண்டி.

"என்னா லோகா, வேல இல்லியா?"

"ஏணி? ஏணில ஏறுனீங்களா?"

"ஏணி எங்க வந்துச்சி? பெட்டியெல்லாம் சந்திக் கடைலதான் போட்டுட்டுப் போவானுங்க. காத்திருக்க முடியுமா? மேச மேல நாக்காலியப் போட்டு மாட்டிட்டேன்."

எனக்குச் சிரிப்பதா கத்துவதா தெரியவில்லை. இரண்டும் செய்தேன். போன் அடுப்படியில் சார்ஜில் கிடந்ததாம், சத்தம் வேறு அணைத்து வைத்திருந்தாராம்.

பின் அறை ஜன்னல் மட்டும் பாக்கி. இருவருமாகச் சந்திக் கடைக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கி வந்தோம். அண்ணி பிரித்து, விரித்து, செவுள் பார்ப்பதுபோல ஒவ்வொரு கொக்கியாகப் பார்த்தார். ஏறவில்லை. இரண்டாம் படியை இடது கையால் ஓங்கி அழுத்தினார். இடப்பக்கக் கொக்கி நழுவிப் படி மடங்கியது.

மடங்கிய படியை நிமிர்த்திப் பார்த்தேன், நிற்கவில்லை. அப்புறம் சொல்லிவிட்டேன்.

"அண்ணி, எங்க வீட்ல ஏணியே இல்ல. வீடியோவுல பொய் சொன்னேன். அத நம்பி ரெண்டு ஆர்டரு வந்துருக்கு."

அண்ணி என்னைப் பார்த்தார். "நான் நம்புனேன்லா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன், நாற்பது வயதில்.

உள்ளே போய் டீ போட்டு வந்தார். டம்ளரை ணங்கென்று வைத்தார்.

"ரெண்டு ஆர்டருன்னியே. இன்னொண்ணு யாரு?"

"தெரியாது. பேரு காட்டாது."

"அங்க யாரு ஏறப் போறாங்கன்னும் தெரியாது."

"தெரியாது."

"அப்ப உக்காந்து அழுதுக்கிட்டே இருக்கப் போறியா? போன எடு."

அண்ணி ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான் பேசினேன். எங்க வீட்ல இந்த ஏணி இல்ல, நான் பொய் சொன்னேன், இன்னைக்கித்தான் கண்ணால பாத்தேன், வாங்குனவங்க ஏறாதீங்க, கையால அழுத்திப் பாருங்க, இப்படி. அண்ணி அழுத்திக் காட்டினார். ஒரே டேக். பழைய வீடியோவை அழித்துவிட்டு இதை ஏற்றினேன். ஏணியைத் திருப்பி அனுப்பப் பெட்டிக்குள் மடக்கி வைத்தோம்.

பின் அறைத் திரைச்சீலையை மேசை, நாற்காலி போட்டு நானே மாட்டினேன். அண்ணி என் காலைப் பிடித்துக்கொண்டார். பிடி வலித்தது.

அக். 11, சனி

ஓவர்டைம். தூறல். ஏணி வாங்கிய இன்னொருவரிடமிருந்து பதில் இல்லை. அண்ணியும் பேசவில்லை. குமார் சொன்ன கணக்குப்படி நாளை வரை.

அக். 12, ஞாயிறு

காலை 9. வீடியோவுக்குக் கீழே ஒரு பெண்:

"அக்கா, நான் சபாக்ல இருந்து. அந்த ஏணி வாங்குனது நான்தான். மாசமா இருக்கேன், தங்கச்சி வந்து மாட்டட்டும்னு பெட்டியவே பிரிக்கல. உங்க வீடியோ பாத்துட்டுத் திருப்பி அனுப்பிட்டேன். தேங்க்ஸ்."

மாசமா இருக்கேன் என்ற இடத்தில் நெஞ்சு ஒரு தடவை நின்றது. பிரிக்கல என்ற இடத்தில் மறுபடி ஓடியது. உடனே அண்ணிக்கு அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு, பார்த்துவிட்டார். பதில் இல்லை.

உளுந்து இன்னும் வாங்கவில்லை. பொத்தான் தைத்தாயிற்று.

அக். 14, செவ்வாய்

இரண்டு ஏணியும் திரும்பிவிட்டன. கமிஷன் பக்கத்தில் பூஜ்யம். இவ்வளவு சந்தோஷமாக ஒரு பூஜ்யத்தைப் பார்த்ததில்லை. இரவு அடித்துப் போட்டதுபோலத் தூக்கம்.

அக். 16, வியாழன்

அண்ணி குரல் செய்தி! ஆறு நாள் கழித்து.

"லோகா, முறுக்கு புழியிற அச்சு ஒண்ணு வச்சிருக்கேன்ல, திருக வேணாம், பிடிய அமுக்குனா போதும். கையி ஒடஞ்சப்ப வாங்குனது. அத விக்கிறானுங்களான்னு பாரு. சனிக்கிழம வா, மாவு பெசஞ்சி வைக்கிறேன்."

இருக்கிறது, அதே அச்சு. எல்லாருடைய கருத்தையும் படித்தேன், ஒரு நட்சத்திரத்திலிருந்து. பிடி இறுக்கம் என்று ஒருவர். சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அக். 18, சனி

ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எஸ்டேட்டில் வெயில் கொளுத்துகிறது. அண்ணி குளித்துப் பூ வைத்து, உடைந்த கையில் அச்சோடு தயார்.

"மூணு மாசம்னு ஆரம்பிச்ச, கழுத்த நெரிச்சிருவேன்."

"சரி அண்ணி."

"நான் சொன்னேன்னு சொல்லு. அப்ப நம்புவாங்க."

முதல் டேக்கில் ரெக்கார்டிங் பொத்தானை அமுக்க மறந்துவிட்டேன். இரண்டாவதில் அண்ணி தும்மினார். மூன்றாவது:

"இது எங்க வீட்ல இல்ல. எங்க அண்ணி வீட்ல இருக்கு. ஒரு வருஷமா."

பக்கத்திலிருந்து அண்ணி: "ம். இப்ப பேசு."

எண்ணெய் காய்ந்துவிட்டதாம், கூப்பிடுகிறார்.