அண்ணன் போட்டுவிட்டுப் போன வண்டி

ஜூலை 7, திங்கள்

பகல் பூரா புழுக்கம். சாயந்திரம்தான் கடல்காற்று. லேப்பிலிருந்து வந்ததும் கொல்லையில் வேலை. அண்ணனோட பழைய பைக். இன்ஜின் கவர் ரெண்டில் ஒன்று முடிந்தது. மற்றதில் பழைய லாக்கர் பூச்சு மஞ்சள் பிடித்துப்போய் உரிய மாட்டேன் என்கிறது. பெயிண்ட் ரிமூவர் தடவி, சுரண்டி, சொரசொர வாட்டர் பேப்பரில் ஆரம்பம். தண்ணீர் விட்டு விட்டுத் தேய்க்கணும். தோள்பட்டை வலி.

பிரான்ஸிலிருந்து அண்ணன் போன். வெள்ளிக்கிழமை வருகிறானாம், அண்ணியின் தம்பி கல்யாணத்துக்கு. முதல் கேள்வியே, "வண்டி ஓடுதா ஜெசி?" அப்பா எப்படி இருக்கிறார் என்பது போனை வைக்கப்போகும்போது.

கல்யாணம் பண்ணிக்கொண்டு அவன் பிரான்ஸ் போனபோது கொட்டகையில் போட்டுவிட்டுப் போன வண்டி. சீட்டில் கோழி முட்டையிட்டது. அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்த வருஷம், யார் மேலே கோபத்தைக் காட்டுவது என்று தெரியாமல் அதைத் தேய்க்க ஆரம்பித்தேன். இன்ஜின் மட்டும் மெக்கானிக்கிடம். மற்றது எல்லாம் நான்.

ஜூலை 8, செவ்வாய்

நகத்துக்குள் கரி. இந்தக் கையோடயா ரத்தம் எடுக்கப் போற என்றார் டாக்டர். க்ளவுஸ் போட்டுத்தானே சார் எடுக்கிறேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கணும்.

வாங்க வேண்டியது: பாலிஷ் சோப்பு, பஞ்சு வீல், அப்பாவுக்கு டயாப்பர், துவரம்பருப்பு.

அப்பாவைக் கொல்லைப்பக்கம் நாற்காலியில் உட்காரவைத்து, அண்ணன் வருகிறான் என்றேன். முகம் அப்படியே விரிந்தது. பேச்சு போன மனுஷன், "சார்லு" என்று அவன் பேரைச் சொன்னார். தெளிவாக. என் பேரை ஒரு தடவையும் சொன்னதில்லை. கழுவி விடுகிறவள் நான், ஊட்டி விடுகிறவள் நான். வாட்டர் பேப்பரை வைத்து அழுத்திய அழுத்தில் கவரில் ஆழமாகக் கோடு. திரும்ப முதலிலிருந்து.

ஜூலை 10, வியாழன்

பாலிஷ் போட ட்ரில்லில் பஞ்சு வீல் மாட்டி ஓட்டினேன். கவரைப் பிடுங்கி எறிந்தது. நேராக முழங்காலில். அழுகை வரவில்லை, கெட்ட வார்த்தைதான் வந்தது. அப்பா சிரித்தார். நானும்.

சோப்பு ஏறியதும் கறுப்பாக மை மாதிரி கசிகிறது. துணியால் துடைத்தால் உள்ளே என் முகம், மூக்கு மட்டும் பெரிசாக. அழகாகத்தான் இருக்கிறது. கவரைச் சொல்கிறேன்.

பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்கிற எதிர்வீட்டு சகாயம் அத்தை, பொம்பளப்புள்ளைக்கு இது எதுக்கு, ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கயேன் என்றார். திங்கள்கிழமை இதில்தான் லேப்புக்குப் போகப்போகிறேன். முடிவு பண்ணியாச்சு.

ஜூலை 11, வெள்ளி

வந்துவிட்டான். அண்ணி அவள் அம்மா வீட்டிலேயே இறங்கிக்கொண்டாள். அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கன்னத்தில் ஒரு முத்தம், சேர்ந்து ஒரு போட்டோ. அப்புறம் நேராகக் கொல்லைக்கு.

வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். எவன் பண்ணின வேலை இது என்றான். நான் என்றேன். சிரித்தான், நம்பாமல்.

"மச்சானுக்குக் கல்யாணப் பரிசா இதத்தான் தர்றேன்னு சொல்லிட்டேன் ஜெசி. நீ என்ன பண்ணப் போற இத வச்சிக்கிட்டு?"

அடுப்பில் மீன் குழம்பு வழிந்தது. அதை இறக்கி, அவனுக்குத் தட்டு வைத்துப் பரிமாறினேன். நடுத்துண்டாகப் பார்த்து வேறு போட்டேன்.

ஜூலை 12, சனி

சாயந்திரம் மச்சான் எடுக்க வருவானாம். சாவி எங்கே என்றான் அண்ணன், கொல்லையில் வண்டி பக்கம் நின்று டீ குடித்துக்கொண்டே. எடுத்துக் கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"எடுத்துக்க. அப்பாவயும் பின்னால ஏத்திக்க. ரெண்டும் நீ போட்டுட்டுப் போனதுதானே."

அவன் முகம் செத்துப்போனது. பார்த்தது என்னை இல்லை, எனக்குப் பின்னால். திரும்பினேன். கொல்லைக் கதவை இடது கையால் பிடித்துக்கொண்டு அப்பா. மகனைத் தேடி, யாரையும் கூப்பிடாமல் தானாக எழுந்து வந்திருக்கிறார்.

பேச்சுதான் போச்சு. காது நன்றாகக் கேட்கும்.

அண்ணன் வாசலுக்குப் போய் போனில் யாரிடமோ தாழ்ந்த குரலில். வேற பாத்துக்கலாம், வண்டி தங்கச்சியோடது என்றது காதில் விழுந்தது. மச்சான் வரவில்லை. சாவி ஃபிரிட்ஜ் மேல்.

அப்பா என் கையால் சோறு வாங்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டார். அண்ணன் ஊட்டினான். பாதி சட்டையில்.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சுக்கு, பூசைக்குப் போகவில்லை. அண்ணன் அப்பாவைக் குளிப்பாட்டினான். வாளி கவிழ்கிற சத்தம், ஜெசி ஜெசி என்று கூப்பிடுகிற சத்தம். போகவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். லுங்கியெல்லாம் நனைந்து வெளியே வந்தான், கண் சிவந்து. தினமும் எப்படிப் பண்ற என்று கேட்டான். துண்டை எடுத்து அவன் கையில் போட்டேன்.

வண்டி எனக்கென்று ஆகிவிட்டது. கோபம் போயிருக்கணும். போகவில்லை.

ஜூலை 14, திங்கள்

நல்ல வெயில், காலையிலேயே. வண்டியை வாசலுக்குத் தள்ளிவந்து நிறுத்தினேன். அப்பா வாசல் பக்கம் நாற்காலியில். கிட்டே போய், "அப்பா, நான் உங்கள சொல்லல" என்று ஆரம்பித்தேன். பொய். அவரையும்தான் சொன்னேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உதைத்து ஸ்டார்ட் பண்ணினதும் இடது கையைத் தூக்கி, போ என்று ஆட்டினார். விரட்டினாரா, அனுப்பிவைத்தாரா, தெரியவில்லை.

போனேன்.