ட்ரெபிளைக் குறைத்து வைத்த மாப்பிள்ளைக்கு

அன்பு மாப்ளே முருகேசா,

தங்கச்சியை உனக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து உன்னை 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு வாய் வரவே இல்லை. விருதுநகரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவனுக்கு எப்படி மரியாதை போடுவது? நுரையீரல் கைவிட்டு நீ போய்ச் சேர்ந்த பிறகும் அப்படித்தான். கோபித்துக்கொள்ளாதே.

நம் மைக் செட் ஓடுகிறது. பெரிய பாக்ஸ் இரண்டுக்கும் புதுக் கோன் மாற்றியாகிவிட்டது. வெம்பக்கோட்டைப் பக்கம் இந்த வருடம் நல்ல மழை, அதனால் கோயில் பொங்கலெல்லாம் தடபுடலாக நடக்கிறது. ஆனால் நடுவில் தொழிலே கைவிட்டுப் போகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ இல்லாத முதல் பொங்கல், ஆமத்தூர்ப் பக்கம் ஒரு அம்மன் கோயிலில். வழக்கம்போல நானே மிக்சரில் உட்கார்ந்து சத்தத்தைச் சரிபார்த்தேன். பாட்டு ஓடத் தொடங்கியதும் முன்னால் இருந்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது. விழாக்காரர் ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, என்ன இப்படிக் கீச்சுன்னு வச்சிருக்கீக? காது கிழியுது!"

"நல்லா தெளிவாத்தானய்யா இருக்கு. உங்க காதைப் போய்க் காட்டுங்க" என்று நானும் விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்துப் போன ஊர்களிலும் இதே சண்டை. ஒரு கல்யாண வீட்டில் பாதியிலேயே வேறு செட்டைக் கூப்பிட்டுவிட்டார்கள். இனி என்னை யார் கூப்பிடப்போகிறார்கள் என்று பயம் வந்துவிட்டது. 

பொன்னுத்தாயிடம் போய்ப் புலம்பினேன். உன் பெண்டாட்டி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீங்க டீ குடிக்கப் போன பெறகு அவுக மிக்சர்ல கீச்சுக்கான அந்த ட்ரெபிளைக் குறைச்சு வப்பாகண்ணே. போற எடமெல்லாம். உங்களுக்குக் கீச்சுச் சத்தம் கேக்கறதில்லைன்னு அவுகளுக்கு எப்பவோ தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா மச்சான் மிக்சர் பக்கமே வரமாட்டான், ஒடஞ்சு போயிருவான்னாக."

எத்தனை வருடமாக இந்தத் திருட்டு வேலை, மாப்ளே? டீக்கடைக்குக் கிளம்பும்போதெல்லாம் "மெதுவா வா மச்சான், வடையும் தின்னுட்டு வா" என்பாயே, அது இதற்குத்தானா? ஊர் ஊராக நான் வாங்கிய நல்ல பெயரில் பாதி உன்னுடையது. எனக்குக் கோபமே வரவில்லை. உன்மேல் பிரியம்தான் பொங்கி வந்தது.

மதுரைக்குப் போய்க் காது டாக்டரைப் பார்த்தேன். சின்ன அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். காத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. "வயர் விட்டுப்போச்சு போலம்மா, ஜாக்கை லேசா ஆட்டிப் பாரு" என்றேன். அந்தப் பெண் பாவமாகப் பார்த்து, "சத்தம் வந்துட்டுத்தான் இருக்கு சார்" என்றாள்.

காதுக்குள் நத்தைக் கூடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறதாம். அதில் நுண்ணிய முடிகளுள்ள செல்கள் வரிசையாக நிற்கின்றனவாம். வாசல் பக்கம் நிற்பவை கீச்சுச் சத்தத்துக்கு, உள்ளே கடைசியில் நிற்பவை கனத்த சத்தத்துக்கு. கல்யாண வீட்டில் வாசல் கோலம் முதலில் அழிகிற மாதிரி, கீச்சுக்கானவைதான் முதலில் சாகும். செத்தால் திரும்ப முளைக்காது. சாமி புறப்பாட்டில் பத்தாயிரம் வாலா வெடிக்கும்போது பக்கத்திலேயே மைக்கோடு நின்றவர்கள் நாம். நம் ஊர்ப்பக்கம் வெடிக்குக் காதைப் பொத்துகிற ஆம்பளையை யார் சும்மா விட்டார்கள்?

"அப்படின்னா பழைய பாட்டு மட்டும் எனக்குக் கணீர்னு கேக்குதே டாக்டர்?" என்றேன். அவர் சொன்ன பதிலை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

"காது பாதிதான் கேக்குது. மீதியை மூளைதான் போட்டுக்குது. பழைய பாட்டெல்லாம் அதுக்கு மனப்பாடம், விட்டுப்போனதை நிரப்பிடும். புதுப் பாட்டுல நிரப்ப அதுகிட்ட ஒண்ணும் இல்லை."

இந்தக் காலத்துப் பாட்டில் ஒரு வார்த்தையாவது புரிகிறதா என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்! நீ மட்டும் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாய்.

இப்போது காது மெஷின் மாட்டியிருக்கிறேன். முதல் நாள் செய்தித்தாளைப் புரட்டினால் அப்பளம் பொரிகிற சத்தம். பொன்னுத்தாய் தட்டு கழுவினால் எழுந்து ஓடலாம் போலிருந்தது. மூளைக்கு இதெல்லாம் மறந்துபோன சத்தங்கள், பழக மாதக்கணக்காகும் என்றார் டாக்டர். அதுவரை மிக்சரில் உன் பெண்டாட்டி என் பக்கத்தில் உட்காருகிறாள். விஸ்வநத்தத்தில் ஒரு கல்யாணத்தில், நான் வைத்ததை அவள் கொஞ்சம்தான் குறைத்தாள், என் கண்முன்னாலேயே. யாரும் சண்டைக்கு வரவில்லை. வரும் பொங்கலுக்கு நாலைந்து ஊரிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

போன வாரம் உன் பழைய வாட்ஸ்அப் வாய்ஸைப் போட்டுக் கேட்டேன். "மச்சான், லோடு ஏத்தியாச்சு, வந்துரு." அவ்வளவுதான். நீ போன பிறகு தினமும் கேட்கிறதுதான். மெஷின் மாட்டிக் கேட்டது இதுவே முதல் தடவை. வார்த்தைகளுக்கு நடுவே மெல்லிய விசில் மாதிரி ஒன்று கேட்டது. போன் ஸ்பீக்கர் கோளாறு என்று பொன்னுத்தாயிடம் நீட்டினேன். அவள் வாங்கிக் காதில் வைத்தாள். ரொம்ப நேரம் காதிலிருந்து போனை எடுக்கவே இல்லை.

"இது அவுக மூச்சு இளைப்புண்ணே. ரெண்டு வருசமா இருந்துச்சு. எங்களுக்கெல்லாம் கேக்கும். 'மச்சானுக்குக் கேக்காது, நல்லதாப் போச்சு. கேட்டா என்னையப் பாக்ஸ் தூக்க விடமாட்டான்'னு சிரிப்பாக."

இத்தனை நாளும் எனக்குக் கேட்டதெல்லாம் இருபது வயது முருகேசனின் குரல், மாப்ளே. மீதியை என் மூளை தானாகப் போட்டுக்கொண்டது. என்ன செய்யட்டும், உன்னை எனக்கு அவ்வளவு மனப்பாடம்.

இனிமேல் இந்த மெஷினைக் கழற்ற மாட்டேன். பொன்னுத்தாய்க்கு மூச்சு லேசாக வாங்கினாலும் எனக்குக் கேட்கும். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். இது சத்தியம்.

உன் காதை நம்பிப் பிழைத்த,
உன் மச்சான்